முலாம் பூசிய ராடுகள்

சாம்பல் புதனன்று காலையில், கேரனாஜ் என்ற எங்கள் கடலோர ஊரில் எவரார்ட் குவாமினாவின் பந்தயப் படகு இஞ்சினுடைய வெளி இரும்பு கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது. உருகவும் இல்லை, உடையவும் இல்லை. தட்டினால் பழைய இரும்புச் சத்தம்தான் வந்தது. உள்ளே பிஸ்டன்கள், அவற்றைப் பிடித்துத் தள்ளும் ராடுகள், அடியில் தேங்கிய ஆயில் எல்லாம் வெளியிலிருந்தே தெரிந்தன. நோன்பு தொடங்கிய நாளாகையால் மீன் விலை ஏறியிருந்தது. ஊர் முதலில் அதைப் பற்றித்தான் புலம்பியது. இஞ்சினை வேடிக்கை பார்க்க மத்தியானத்துக்கு மேல்தான் கூட்டம் சேர்ந்தது.

எங்கள் ஊரைப் பற்றி நாங்களே சொல்லிக்கொண்டால்தான் மரியாதை. கிறிஸ்துமஸுக்கு வீட்டின் முன்சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்துவிட்டு, சமையலறையில் ஒழுகும் குழாய்க்குக் கீழே வாளி வைக்கிற ஜனங்கள் நாங்கள். அப்படிப்பட்ட எங்களுக்கே எவரார்ட் தலைவர். அவருடைய ‘காஸ்கடூ’ படகுக்கு வருஷாவருஷம் புதுப் பெயின்ட், பளபளக்கும் புகைக்குழாய், பெட்ரோல் டாங்கியைவிடப் பெரிய பாட்டுப் பெட்டிகள். “உள்ளே எல்லாம் ஃபோர்ஜிங், சம்மட்டியால அடிச்ச எஃகு” என்று ரம் கடையில் சத்தியம் செய்வார். ஆகஸ்ட் மாதம், கடலுக்கு அப்பாலுள்ள டொபாகோ தீவு வரை நடக்கும் பந்தயத்தில் காஸ்கடூ புறப்படும்போது தொண்டை கிழியக் கத்துவோம். பாதி வழியில் இஞ்சின் வெடித்து, யாரோ ஒருவர் கயிறு கட்டி இழுத்து வருவார். அதற்கும் கத்துவோம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் நம் வீட்டு வாளியைப் பற்றியும் கேட்பார்களே என்ற பயம்தான்.

இப்போது கேட்கவே தேவையில்லாமல் போயிற்று. ஊரே டான்ட்டி என்று கூப்பிடும் ஓடில், மீன் பொரிக்கிற கரண்டியோடு வந்து குனிந்து பார்த்தாள்.

“ஏன்டா எவரார்டு, இதுதான் உன் ஃபோர்ஜிங்கா? லாரியிலேருந்து கழட்டுனதுன்னு இதுல இன்னும் எழுதியிருக்கு!”

“அது பழைய ஸ்டிக்கர் டான்ட்டி.”

“இஞ்சினுக்குள்ள எவன்டா ஸ்டிக்கர் ஒட்டுவான்?”

கூட்டம் சிரித்த சிரிப்பில் கடற்கரைக் கூழைக்கடாக்கள் எழும்பிப் பறந்தன. எவரார்ட் ஈஸ்டர் வரை கடைத்தெருப் பக்கம் வரவில்லை.

படகை ஓட்டுவது அவருடைய மகள் கெசையா. எவரார்ட் பக்கத்து இருக்கையில் வழிகாட்டியாக உட்காருவார்; கரையில் இருப்பவர்களுக்குக் கையாட்டுவதைத் தவிர அவர் வழிகாட்டி யாரும் பார்த்ததில்லை. அவரைப் பிடித்து உட்காரவைத்து கெசையா சொன்னாள்: “கார்னா இறக்கத்துல கொஞ்சம் மூச்சு வாங்கும்பா. படகுக்கு ஏது இறக்கம்? எப்பவும் ஏத்தம்தான். அலை மேல எகிறுனா புரொப்பல்லர் காத்துல சுத்தி இஞ்சின் அலறும். விழுந்ததும் தண்ணி புடிச்சு நிறுத்தும். அந்த அடி அத்தனையும் ராடு மேலதான். இனிமே வெளியில ஒரு காசு செலவு பண்ணக் கூடாது. உள்ள போடுறது நான் சொல்றதுதான். உயிரோட இருக்கணும்ல நான்?”

பாட்டுப் பெட்டிகளை விற்றார்கள். சம்மட்டி அடி வாங்கி உருவான ராடுகள், பிஸ்டன்கள், கிராங்க் ஷாஃப்ட், உப்புக்காற்றும் சூடும் தின்ன முடியாத நிக்கல் வால்வுகள் என்று கெசையா ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தாள். ராடுகளை விளக்கருகே திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்ததை எல்லாம் திருப்பி அனுப்பினாள். வழவழவென்று பாலிஷ் போட்ட ராடில் விரிசல் லேசில் விழாது என்று அப்பாவிடம் சொன்னாள். ஜூலையில் இஞ்சினைப் பூட்டியாயிற்று. பார்க்க வந்த நாங்கள் ஏமாந்துபோனோம். நல்ல சாமான் என்றால் மின்னும் என்று நினைத்திருந்தோம். இவையோ அடிபிடித்த சட்டிபோலக் கறுத்துக் கிடந்தன.

“இதுக்கா பாட்டுப் பெட்டிய வித்தே? கண்ணாடிப் பெட்டிக்குள்ள கரிய வெச்ச மாதிரி இருக்கு,” என்றாள் டான்ட்டி. நாங்களும் ஆமாம் போட்டோம். எங்களுக்கு வாய் சும்மா இருக்காது.

எவரார்டுக்கு அது தாங்கவில்லை. பந்தயத்துக்கு முந்தின வாரம் கெசையா உறவினர் கல்யாணத்துக்கு சான் பெர்னாண்டோ போயிருந்தாள். அவர் ராடுகளைக் கழற்றி, கார் பம்பருக்கு முலாம் பூசுகிறவரிடம் கொண்டுபோய் குரோம் தொட்டியில் முக்கி எடுத்து, திரும்ப மாட்டிவிட்டார். நல்ல எஃகு அந்தத் தொட்டியில் ஊறினால் ஒடிகிற குணம் வந்துவிடும். பிறகு பதமாகச் சுட்டெடுத்தால்தான் அந்தக் குணம் தணியும். அவருக்கு அது தெரியாது. எங்களில் தெரிந்தவர்கள் இருந்தோம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டோம்.

“என்னப்பா இது?” என்றாள் கெசையா.

“பாலிஷ் போட்டேன். பாலிஷ் நல்லதுன்னு நீதானே சொன்னே?”

அவள் நம்பினாள்.

பந்தயத்தன்று காஸ்கடூ போகாஸ் ஜலசந்தியைத் தாண்டும்போதே முன்னால் இருந்தது. மராக்காஸைத் தாண்டியது, இஞ்சின் வெடிக்கவில்லை. டோக்கோ முனையில் அலை வீடு உயரத்துக்கு எழும்பியபோதும் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு படகும் இல்லை. எவரார்ட் கடலைப் பார்க்கவே இல்லை. புறப்பட்டதிலிருந்து இருக்கையில் திரும்பி உட்கார்ந்து தம் ராடுகள் வெயிலில் மின்னுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் மூன்றாவது ராடின் மேல் ஒரு முடி ஒட்டியிருப்பதைக் கண்டார். ஆயிலில் முடி எப்படி வந்தது என்று யோசித்தார். படகு அடுத்த அலையில் விழுந்தது. முடி நீண்டது.

“கெசையா, வேகத்தக் கொற.”

ஹெல்மெட்டுக்குள் அவள் குரல் சிரித்தது. “நாம முதல்ல போறோம்பா!”

“தெரியுதும்மா. கொற.”

“இன்னும் கொஞ்ச தூரந்தான். டொபாகோ தெரியுது பாரு!”

“அது பாலிஷ் இல்ல கெசையா. குரோம். ராடுல விரிசல் ஓடுது.”

அவள் வேகப் பிடியைப் பின்னால் இழுத்தாள். இஞ்சின் முனகலாக அடங்கியது. ஒவ்வொரு படகாக அவர்களைத் தாண்டிப் போனது. கடைசியாகப் போனவர் கயிறு வேண்டுமா என்று பழக்கதோஷத்தில் சைகை காட்டினார்.

பந்தயம் முடியும் ஸ்டோர் பே கடற்கரையில் ஏறியபோது இருட்டத் தொடங்கியிருந்தது; கப்பலில் முன்பே வந்துவிட்ட நாங்கள் அங்கே காத்திருந்தோம். கெசையா இஞ்சினைப் பிரித்து மூன்றாவது ராடை எடுத்தாள். மணலில் கிடந்த கல்லில் ஒரு தட்டு தட்டினாள். வேகவைத்த மரவள்ளிக்கிழங்குபோல இரண்டாக விண்டது. எவரார்ட் அந்த இரண்டு துண்டையும் பார்த்தார், மகளைப் பார்த்தார், மணலில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டு அழுதார்.

“கொன்னிருப்பேனே உன்னை,” என்றார். “இந்தப் பாவிப் பசங்க பார்க்கணுமேன்னு, உன்னைக் கொன்னிருப்பேனே.”

பாவிப் பசங்க என்றது எங்களைத்தான். நாங்கள் மறுக்கவில்லை.

“எந்திரிப்பா. மானம் போகுது,” என்றாள் கெசையா. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“போகட்டும்டி. நீ இருக்கியே.”

மறு வருஷம் முலாம் இல்லாத ராடுகள் உள்ளே போயின. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவன் மட்டும் வாயைத் திறந்தான், டான்ட்டி கரண்டியை ஓங்கினாள். இஞ்சினின் இரும்பு இன்றைக்கும் தெளிவாகத்தான் இருக்கிறது. உள்ளே தெரியும் ராடுகளை மீன் என்று நினைத்துக் கூழைக்கடாக்கள் கொத்த வருவதால், கரையில் நிற்கும்போது மேலே சாக்கு போடுகிறார்கள். எவரார்ட் இப்போது படகில் ஏறுவதில்லை. முன்கூட்டியே கப்பலில் டொபாகோ போய், ஸ்டோர் பேயில் முழங்கால் தண்ணீரில் நிற்பார். காஸ்கடூ வந்து சேர்ந்ததும் மகளின் கைகளைத் தொட்டுப் பார்ப்பார், பிறகு ஒவ்வொரு ராடாக உற்றுப் பார்ப்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் எத்தனையாவது இடம் என்று கேட்பார். அநேகமாக நான்காவது.