எழ மறுத்த டிராகன்

பச்சைத் துணி டிராகன் வேஷத்துக்குள் டெஸ்மண்டுக்குப் புழுங்கியது. செயின்ட் ஜார்ஜ் திருநாள். பப்புக்கு முன்னால் இருந்த புல்வெளியில் ஊரே கூடியிருந்தது; சிவப்புச் சிலுவைக் கொடிகள் தூறலில் நனைந்து தொங்கின. எதிரே தகரக் கவசமும் மரவாளுமாக செயின்ட் ஜார்ஜ். அதாவது, பக்கத்து வீட்டு சிரில்.

வருஷா வருஷம் இந்தத் திருநாள் நாடகத்தில் இவர் சாவார், அவர் கொல்வார். இடையில் போன இலையுதிர் காலத்தில் சிரிலின் புல்டாக் நாய், டெஸ்மண்டின் பரிசு பெற்ற சிவப்பு ரோஜாச் செடியை வேரோடு தோண்டிப் போட்டது. ரோஜாவும் புல்டாக்கும் இங்கிலாந்தின் சின்னங்கள் என்று பெருமையடிக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்த வீட்டில் வைக்கக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை.

"அவன் சாரி சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார் அப்போது டெஸ்மண்ட்.

"வேலி போடாதது யார் தப்பு?" என்றார் சிரில்.

அத்தோடு பேச்சு நின்றது. நாளைக்கு சிரில் கனடாவில் இருக்கும் மகளிடமே நிரந்தரமாகப் போய்விடுகிறார். அதைத் தபால்காரர் சொல்லித்தான் டெஸ்மண்ட் அறிந்தார். போய்ப் பேச நினைத்தார், வீம்பு விடவில்லை.

"செத்துப் போ, பல்லியே!" என்று சிரில் வீசிய வாள், நிஜமாகவே டெஸ்மண்டின் முழங்காலில் விழுந்தது.

"ஐயையோ, சாரி!"

"இல்ல இல்ல, நாந்தான் குறுக்க வந்துட்டேன். சாரி!"

இந்த ஊரில் மிதித்தவரும் சாரி சொல்வார், மிதிபட்டவரும் சொல்வார். கதவில் முட்டிக்கொண்டால் கதவிடமும் சொல்வார்கள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இருவரும் அப்படியே நின்றார்கள்.

டிராகனின் வாய்க்குள்ளிருந்து குரல் வந்தது: "அது காலுக்கா, ரோஜாவுக்கா?"

"ரெண்டுக்கும் வெச்சுக்கடா, கிழட்டுப் பல்லி."

"யோவ், சீக்கிரம் கொல்லுய்யா, மழை வருது!" என்று கத்தினாள் பப் நடத்தும் மேவிஸ்.

டிராகன் செத்து விழுந்தது. வழக்கப்படி மேவிஸே டாக்டர் தொப்பியோடு வந்து மூக்கில் மருந்து விட்டாள். செத்தது எழுந்தால் நாடகம் முடிந்தது. டிராகன் எழவில்லை. இன்னும் நாலு சொட்டு விட்டாள். ம்ஹூம்.

சிரில் குனிந்தார். "எந்திரிடா. எல்லாரும் பாக்குறாங்க."

"எந்திரிச்சா முடிஞ்சிடும். நீ கிளம்பிடுவ."

சிரில் மரவாளைக் கீழே வைத்தார். பிறகு, கவசம் கடகடவென்று சத்தம் போட, செயின்ட் ஜார்ஜ் ஈரப் புல்லில் டிராகனுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

"நானும் செத்துட்டேன், டாக்டரம்மா" என்றார். "அவசரமில்ல. மெதுவா வா."