வாய்க்காலில் விழுந்த காட்சி

அழுவாச்சிப் படம் என்றாலே எழுந்து டீக்கடைக்குப் போய்விடுகிற ராஜபாண்டி, ஒரு வாரமாக ஆளே மாறிப்போனான். காளவாசல் டயர் கடையிலிருந்து ஆறரைக்கெல்லாம் விளாங்குடி வீட்டுக்கு வந்து, அவனாகவே ஒரு சோகப் படத்தைத் தேடிப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறான்.

முதல் நாள் அவன் மனைவி தமிழ்வாணிக்கு அது இதமாகத்தான் இருந்தது. கழுத்துக் கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்ததிலிருந்து அவள் மனசு ஒரு நிலையில் இல்லை. படத்தில் யாரோ பிள்ளையைப் பிரிந்து அழ, அந்தச் சாக்கில் அவளும் அழுது தீர்த்தாள். நெஞ்சு லேசானது. பக்கத்தில் அவனும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சந்தேகத்தைக் கிளப்பியது பக்கத்து வீட்டு ரெங்கம்மாள்.

“ஏன்டி, ஒம் புருசன் மூக்கைச் சிந்துறது எங்க அடுப்படி வரைக்கும் கேக்குது. நேத்துப் படத்துல அந்தப் பிள்ளை பொழைச்சாளா இல்லையா?”

“போயிட்டாக்கா.”

“பாவம். ஒன் ரிப்போர்ட் வந்துருச்சா?”

“லேப்புல கூட்டமாம். இன்னும் வரலைன்னாரு.”

“பத்து நாளாவா? என் நாத்தனாளுக்கு அதே லேப்புல மூணே நாள்ல போனுக்கு அனுப்பிட்டாங்களே.”

லேப்பில் கொடுத்திருந்தது ராஜபாண்டியின் நம்பர்.

அன்று சாயங்காலம் தமிழ்வாணி படத்தைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். படத்தில் பிள்ளையைப் பாம்பு கடித்தது. அவன் கல்லு மாதிரி இருந்தான். பிறகு சிரிப்புக் காட்சி. கல்யாணத்துக்குப் போகிற புருசனும் பெண்டாட்டியும் ஸ்கூட்டரோடு வாய்க்காலில் விழுந்து, சேறும் சகதியுமாக எழுந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். ராஜபாண்டியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறானாக்கும் என்று எட்டிப் பார்த்தாள். தாடை வரை கண்ணீர்.

“இந்த இடத்துல எதுக்கு அழுகுறீக?”

“படம் அப்படி இருக்குல்ல.”

“வாய்க்கால்ல விழுந்ததுக்கா?”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

“ரிப்போர்ட் என்னைக்கு வந்துச்சு?”

“போன வியாழக்கிழமை.” துண்டை மடியில் வைத்துக்கொண்டான். “டாக்டர்கிட்டக் காட்டிட்டேன். ஆபரேசன் பண்ணா சரியாப் போயிரும்னுதான் சொன்னாரு, தமிழு. சத்தியமா.”

“சரியாப் போறதுக்கா ஒரு வாரமா அழுகுறீக?”

“ஒங்கிட்டச் சொல்லணும்னுதான் தெனம் வாரேன். வந்தா வாய் வர மாட்டேங்குது. படத்தைப் போட்டுர்றேன்.”

லேப்பில் கூட்டம் என்று சொன்னபோதும் இதே குரல்தான், இதே சத்தியம்தான். இப்போது சொன்னதாவது முழுசா, இல்லை இன்னும் எதையோ விழுங்குகிறானா? அவன் முகத்தை வைத்து அவளால் முடிவுக்கு வர முடியவில்லை.

“டாக்டர் நம்பரைப் போட்டுக் குடுங்க.”

“காலைல நான் பேசிக்கிறேனே.”

“குடுங்கன்றேன்ல.”

டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தாள். நாலு தடவை மணி அடித்த பிறகு நர்ஸ் எடுத்து, யார் பேசுறது என்று கேட்டாள்.

“தமிழ்வாணி. கழுத்துக் கட்டி ரிப்போர்ட் என்னோடதுதான். இனிமே எதுன்னாலும் என்கிட்டச் சொல்லுங்க.”