சிமெண்ட் வைத்து அடைத்த பொந்து

நாகலூரில் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்குப் பின்னால், மண் வெட்டிய மேட்டில் ஒரு பொந்து இருந்தது. பாம்புப் பொந்து என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எட்டு மாதக் குழந்தை திவ்யா அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். லைனில் எல்லோரும் செய்வதுபோல, உடைந்த பாட்டில் துண்டுகளைச் சிமெண்டில் குழைத்துச் சாயங்காலம் அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் ஒரு மீன்கொத்தி அந்தச் சிமெண்டில் போய்ப் போய் மோதிக்கொண்டிருந்தது. சிவப்பு அலகில் ஓணான் குட்டி.

"ஏரி அந்தப் பக்கம் இருக்குது, இங்க வந்து என்ன மீன் புடிக்குதாம்?" என்று சிரித்தேன். சிரித்த வாயை இன்றைக்கும் அறையத் தோன்றுகிறது.

சேலத்தில் விலங்கியல் படிக்கும் என் நாத்தனார் கவிப்பிரியா லீவுக்கு வந்திருந்தாள். உலகத்து மீன்கொத்திகளை எல்லாம் ஒரு நோட்டில் வரைந்து வைத்திருப்பவள். ஒரு குருவிக்கு எதுக்கு ஒரு நோட்டு என்று எத்தனையோ முறை அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

"அண்ணி, அது யாருக்குங்க ஓணான் கொண்டாருது?" அவள் முகம் வெளுத்துவிட்டது. "மீன்கொத்தியில நூத்துப் பத்து வகைக்கு மேல இருக்குதுங்க. நொம்ப வகை மீனையே நம்பி இல்ல. ஆஸ்திரேலியாவுல பாம்பத் திங்கறது இருக்குது. நியூ கினியில கறையான் புத்துல குஞ்சு பொரிக்கறது இருக்குது. நம்மூர்து மண்ணக் கொடஞ்சு உள்ள முட்ட வெக்கும். உள்ள குஞ்சு இருக்குதுங்க அண்ணி!"

கடப்பாரையைத் தூக்கினேன். "வேண்டாங்க, மண்ணு சரிஞ்சு மூடிக்கும்!" என்று கத்தினாள்.

செடிக்கிளை வெட்டும் கவாத்துக் கத்தியால் சுரண்டினேன். சிமெண்ட் இறுகிப் போயிருந்தது. நான் பதித்த கண்ணாடி என் விரலையே கிழித்தது. வீட்டுக்குள் திவ்யா பசியில் வீறிட்டாள். எனக்குப் பால் சுரந்து ஜாக்கெட் நனைந்தது. ஆனாலும் எழுந்து போக முடியவில்லை. மேலே கம்பியில் அது ஓணானை விடாமல் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அடைப்பு பெயர்ந்ததும் தோள்வரை கையை விட்டேன். சில்லென்று ஒன்று. அடுத்ததும் சில்லென்று இருந்தது. மூன்றாவதும் அசையவில்லை. ஐயோ, என்ன செய்துவிட்டேன்!

கடைசியில் ஏதோ என் வெட்டுப்பட்ட விரலைக் கொத்தியது.

"கொத்து சாமி, நல்லாக் கொத்து" என்று அழுதேன்.

கையை உருவிக்கொண்டு விலகினேன். தாய்ப்பறவை ஓணானோடு உள்ளே பாய்ந்தது. நான் ஓடிப்போய் திவ்யாவுக்குப் பால் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.