அந்தக் கழிவும் இந்தக் கழிவும்

எரிசக்தித் துறையின் இணைச் செயலாளருக்கு அலுவலகத்தில் ‘கத்தரிக்கோல் மேடம்’ என்று பெயர். பத்து வரிக் குறிப்பைக் கொடுத்தால் இரண்டு வரியாகத் திரும்பி வரும். அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தாலே அலுவலகக் கண்காணிப்பாளர் வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து வைத்துவிடுவார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அணுமின் பிரிவிலேயே காலம் தள்ளியவர். சொற்களை அடித்திருக்கிறாரே தவிர, ஒன்றைச் சேர்த்ததாகச் சரித்திரம் இல்லை.

அவருக்குத்தான் இப்போது சோதனை. அணுமின் நிலையத்தில் எரிந்து தீர்ந்த எரிபொருளைப் பத்திரமாக வைக்க, வளாகத்துக்குள்ளேயே ஒரு கட்டடம். பல வருடம் அவர் ஓடியாடிக் கொண்டுவந்த திட்டம். ஆனால் அக்கம்பக்கத்து ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும்; நூறு பேராவது வந்தால்தான் சட்டப்படி அது கூட்டம். முதல் முறை வந்தவர்கள் பத்துப் பேர். இரண்டாம் முறை நான்கு. அதில் ஒருவர் மின்விசிறிக் காற்றுக்கு வந்து தூங்கினவர்.

துறைச் செயலாளர் முடிவாகச் சொல்லிவிட்டார். “மூணாவதும் ஊத்திக்கிச்சுன்னா ஃபைலை மூடிடலாம் மேடம். உங்களுக்கு உப்புத் துறையில ஒரு நாற்காலி காலியா இருக்கு.”

கணவர் பல் டாக்டர். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப நிஜமாவே உப்புக்குச் சப்பாணின்னு சொல்லு!”

“நல்லாப் பல்லைக் காட்டுங்க. அதானே உங்க தொழில்!”

மறுநாள் கண்காணிப்பாளர் அறிவிப்பு எழுதி வந்தார்: ‘அணுமின் நிலையக் கதிரியக்கக் கழிவுகளைச் சேமித்தல் தொடர்பான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்’.

“இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ் வந்துடுமே!” என்றார் மேடம். சிவப்புப் பேனா புகுந்து விளையாடியது. சுவர்களில் ஒட்டப்பட்டபோது மிஞ்சியிருந்தது இவ்வளவுதான்: ‘மின் நிலையக் கழிவு பற்றிப் பேச அனைவரும் வருக!’

கூட்டத்தன்று மண்டபத்தில் எள் போட்டால் எண்ணெய்தான். நாற்காலி போதாமல் ஜன்னல் விளிம்பிலும் ஆட்கள். மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் எழுந்தவர் தையல்கடை அக்கா. “மேடம், கழிவு எத்தனை பர்சென்ட்?”

“பர்சென்ட் என்னம்மா, மொத்தமுமே கழிவுதான்!”

மண்டபம் அதிரக் கைதட்டல்.

“கடைக்கும் உண்டா? இல்ல, வீட்டுக்கு மட்டுமா?” என்றார் பேக்கரிக்காரர்.

“வீட்டுக்கா? ஐயையோ! நிலையத்துக்குள்ளயே பூட்டி வெச்சிடுவோம்.”

“பூட்டி வைக்கவா கழிவு? பில்லுல குறைப்பீங்கன்னுல்ல வந்தோம்!”

அப்போதுதான் மேடம் பார்த்தார். ஆளுக்கொரு கரண்ட் பில் கையில். அவர் குப்பையைச் சொல்ல, ஜனங்கள் தள்ளுபடியைப் படித்திருக்கிறார்கள். அடிபட்ட சொற்களெல்லாம் பழி வாங்கிவிட்டன.

கண்காணிப்பாளர் காதோரம் குனிந்தார். “வருகைக் கையெழுத்து நூறு தாண்டிடுச்சு மேடம். அப்படியே நன்றி சொல்லி முடிச்சுடலாம். உப்புத் துறை தப்பிச்சுது.”

ஒரு நிமிடம் மேடத்துக்கும் சபலம் தட்டத்தான் செய்தது. பிறகு மைக்கை இழுத்தார். “இவங்களை ஏமாத்திக் கேட்டா அதுக்குப் பேர் கருத்தா?” என்று அவரிடம் முணுமுணுத்தது மைக்கில் ஊருக்கே கேட்டுவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

“தப்பு என்னோடது. நான் சொன்ன கழிவு, அணு உலையில மிஞ்சற குப்பை. அதை இங்க வைக்கலாமான்னு கேக்க வந்தேன். போறவங்க போகலாம், கையெழுத்தை அடிச்சிடறேன்.”

தையல்கடை அக்காதான் முதலில் சிரித்தார். சிரிப்பு மண்டபத்தையே தொற்றிக்கொண்டது.

“குப்பைன்னு போட்டிருந்தா ஒரு ஈ காக்கா வந்திருக்காது. வந்தது வந்தாச்சு, சொல்லுங்க. அது ராத்திரியில மினுமினுக்குமா?”

“மினுங்காதும்மா.”

“ஆபத்தா, இல்லையா?”

“ஆபத்துதான். அதனாலதான் இரும்புலயும் கான்கிரீட்லயும் அவ்ளோ கனமான உறை. இப்ப இருக்கிற தொட்டி நிறைஞ்சுட்டே வருது. கட்டடம் இல்லாட்டித்தான் எனக்குத் தூக்கம் வராது.”

கேள்விகள் சரமாரியாக வந்தன. தெரிந்ததற்குப் பதில், தெரியாததற்கு “விசாரிச்சுச் சொல்றேன்”. கடைசியில் தையல்கடை அக்கா தீர்ப்புச் சொன்னார்: “உங்க கழிவை நாங்க பொறுத்துக்கறோம். எங்க கழிவை நீங்க குடுங்க!”

நியாயம்தானே? மேடம் ஒரு சொல்கூட வெட்டாமல் அதை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பினார்.

துறைச் செயலாளர் ஃபோனில் குதித்தார். “பில்லுல தள்ளுபடியா! யாரைக் கேட்டு எழுதினீங்க?”

“ஜனங்களைக் கேட்டு, சார். கருத்துக் கேக்கத்தானே அனுப்பினீங்க?”

சில வாரம் கழித்து மறுபடி ஃபோன். குரலில் தேன். “கட்டடத்துக்கும் ஓகே, தள்ளுபடிக்கும் ஓகே. அமைச்சர் அதைத் தன் யோசனைன்னே அறிவிச்சுட்டார். நீங்க வாயைத் திறக்காதீங்க. உப்பு நாற்காலிக்கு வேற ஆள் பார்த்தாச்சு.”

அன்று மாலை மேடம் கணவரின் கிளினிக் வழியாக நடந்து வந்தார். வாசலில் புதுப் பலகை: ‘பல் பிடுங்கினால் கழிவு உண்டு.’

“என்னங்க இது? பிடுங்கின பல்லைக் கையில குடுத்தனுப்புவீங்களா?”

சிவப்புப் பேனாவைத் திறந்தார். தன் உத்தியோக வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு சொல்லைச் சேர்த்தார்: ‘கட்டணக்’.