முன்வரிசை

வெள்ளைக்காரர்கள் முன்வரிசை, கறுப்பர்கள் பின்னால். கறுப்பினப் பையன் மார்லனை போலீஸ் சுட்டுக் கொன்ற நாளிலிருந்து ஊர்வலங்களில் இதுதான் ஏற்பாடு. முன்வரிசையில் நிற்பவர்கள் முழங்கைகளைக் கோத்துக்கொள்ள வேண்டும். போலீஸ் நெருங்கினால் கோத்த கையோடு அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட வேண்டும். பின்னால் இருப்பவர்கள் கலைந்து போகும்வரை கையை விடவே கூடாது. வெள்ளைத் தோலைப் பார்த்தால் தடி ஒரு கணமாவது தயங்கும் என்பதுதான் கணக்கு. கேட்கவே கேவலமாக இருக்கிறதா? வெர்லீனுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இதுவரை பலித்துவந்தது.

வெர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். மிசிசிப்பி ஆற்றுக்கு இந்தப் பக்கம், கறுப்பர்கள் வாழும் வடக்குத் தெருக்களில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு டேரியஸ் ஒரே மகன். நண்பனுடைய காரில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு, காரில் கிடைத்த துப்பாக்கியை இவன் தலையிலும் கட்டிவிட்டார்கள். தண்டனையை நிறுத்திவைத்து, கண்காணிப்பில் வெளியே விட்டிருந்தது நீதிமன்றம். இனி எந்தக் காரணத்துக்காகக் கைதானாலும் நேரே சிறை, அதுவும் வருடக்கணக்கில்.

"மார்லனும் நானும் ஒரே பெஞ்சும்மா. நான் போகாம யாரு போவா?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"நீ வீட்டுல இருந்தாலே மார்லனுக்குச் செஞ்ச மரியாதைதான். வாய மூடிட்டு சாப்புடு."

ஊர்வலத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஹெய்டி வந்தாள். பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்திருந்த வெள்ளைக்கார டீச்சர், முன்வரிசைக்குத் தலைவி. வாசலில் பதாகை, மார்பில் கோஷம் எழுதிய பட்டன், தேவாலயத்து விருந்துகளுக்கெல்லாம் இங்கே யாருமே போடாத உலர்திராட்சையைப் போட்ட உருளைக்கிழங்கு சாலட். "அந்தத் திராட்சைக்கே அவளை ஒரு ராத்திரி உள்ள வைக்கலாம்" என்று பாடகர் குழுவில் சிரிப்பார்கள். ஆனாலும் ஆளுக்கொரு கரண்டி போட்டுக்கொள்வார்கள். நம்மோடு நிற்க வந்தவளாயிற்றே!

வெர்லீன் பொரித்த கெளுத்தி மீனை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஹெய்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேரியஸ் வரட்டுங்க, வெர்லீன். எனக்கு நேர் பின்னாடி நிக்கட்டும். அவன் மேல கை வைக்கணும்னா என்னைத் தாண்டித்தான் வைக்கணும்."

"சும்மா பேச்சுக்குச் சொல்லாத, ஹெய்டி. எனக்கு அவன் ஒருத்தன்தான்."

"சத்தியமா."

அந்தச் சத்தியத்தை நம்பித்தான் மகனை அனுப்பினாள். தானும் கூடவே போனாள்.

பாலத்துக்குப் பக்கத்தில் போலீஸ் வழிமறித்தது. முன்வரிசை முழங்கை கோத்து நின்றது. ஹெய்டிக்கு நேர் பின்னால் டேரியஸ். சொல்லிவைத்தபடி மண்டியிட்டு, கைகளைத் தலைமேல் வைத்திருந்தான். கொஞ்சம் தள்ளி, மற்ற அம்மாக்களோடு வெர்லீன்.

போலீஸ் கேப்டன் கவசத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஹெய்டியிடம் வந்தான். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஏதோ சொன்னான். அவள் தலையாட்டினாள். அக்கம்பக்கம் திரும்பி, வரிசையில் நின்றவர்களிடமும் ஏதோ சொன்னாள்.

முழங்கைகள் பிரிந்தன.

தள்ளுமுள்ளு இல்லை, சத்தம் இல்லை. தேவாலய பெஞ்சில் உள்ளே போகிறவருக்கு முழங்காலை ஒதுக்கி வழிவிடுவோமே, அத்தனை மரியாதையாக வழிவிட்டார்கள். உள்ளே பாய்ந்த போலீஸ் முதலில் மிதித்தது டேரியஸைத்தான். தரையைப் பார்த்து மண்டியிட்டிருந்தவனுக்கு என்ன நடந்தது என்றே தெரிந்திருக்காது. கன்னம் தார்ச்சாலையில் தேய, முதுகில் ஒருவன் முழங்காலை ஊன்றி விலங்கு மாட்டினான்.

"ஹெய்டி!" என்று அலறினாள் வெர்லீன். "ஹெய்டி, உட்காருடீ! உட்காரு!"

ஹெய்டி நடைபாதையில் ஏறி நின்றிருந்தாள். கையில் பதாகை அப்படியே இருந்தது.

மறுநாள் காலை அவள் சாலட் கிண்ணத்தோடு வந்து படியேறினாள். அழுது கண் வீங்கியிருந்தது. வெர்லீன் கதவைத் திறந்தாளே தவிர, உள்ளே வா என்று சொல்லவில்லை.

"பாட்டில் வீசுறவங்களை மட்டும்தான் பிடிப்போம்னு கேப்டன் சொன்னாரு, வெர்லீன். அவரு பொண்ணு என் கிளாஸ்லதான் படிக்கிறா. நல்ல மனுஷன். வரிசையைத் திறந்தா யாருக்கும் அடி படாதுன்னு வாக்குக் குடுத்தாரு."

"யாரு பாட்டில் வீசினா?"

"அது... எனக்குத் தெரியல."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? போன் வேணாம், கூட்டம் போட வேணாம். பின்னாடி திரும்பினா போதும். அங்கதானே நின்னோம்!"

"நேரமே இல்லங்க. அதுவுமில்லாம, நான் ஏற்கனவே சரின்னு சொல்லிட்டேன். ஊர்வலத்துக்கு முந்தின நாளே ஸ்கூல்ல வெச்சுக் கேட்டாரு..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

முந்தின நாள். பள்ளி விட்டு நேராக இங்கேதான் வந்தாள். இந்த மேசையில்தான் மீன் தின்றாள். அந்தக் கையால்தான் சத்தியம் செய்தாள். போலீஸ் செய்ததில் வெர்லீனுக்கு அதிர்ச்சி ஒன்றுமில்லை. அது பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான். இவளுக்கு மீனில் முள் எடுத்துக்கொடுத்ததுதான் பொறுக்கவில்லை.

ஹெய்டி விசும்பினாள். பழக்க தோஷத்தில் வெர்லீனின் கை அவள் தோளைத் தட்டிக்கொடுக்க எழுந்தது. எத்தனை அழுகைகளைத் தேற்றிய கை! பாதி வழியில் அதை இழுத்துக்கொண்டாள்.

உள்ளே போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டபடியே வாசலுக்குத் திரும்பி வந்தாள். சிறைச்சாலை அழைப்பு என்று அறிவிக்கும் பதிவுக்குரல் பேசி முடிந்ததும் டேரியஸின் குரல் வந்தது.

"அம்மா? நான் நல்லா இருக்கேன். கன்னத்துலதான் கொஞ்சம் தோல் போச்சு. திங்கக்கிழமை ஜட்ஜ் முன்னாடி நிறுத்துவாங்களாம். வக்கீல் சொல்றாரு... கஷ்டம்னுதான் சொல்றாரு. நீ அழாத."

"நான் அழலடா, கண்ணா."

"அம்மா, ஹெய்டி அக்காவுக்கு ஒண்ணும் ஆகலியே? அவங்களைத் தாண்டித்தானே என்கிட்ட வந்தாங்க. ரொம்ப அடிச்சிட்டாங்களா?"

வெர்லீன் கையை நீட்டி போனை ஹெய்டியின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"கேக்குறான்ல. சொல்லு."

ஹெய்டி போனைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு படி கீழே இறங்கி, கைப்பிடிச் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

"அக்கா? அங்கதான் இருக்கீங்களா?" என்றான் டேரியஸ்.