நட்சத்திரத்துக்குக் கீழே ஒரு மூடி

13 ஒக்டோபர் 2025, திங்கள். நேற்றைய குறிப்பில் ஒரு பிழை விட்டிருக்கிறேன். 'நாளை காலை பிளம்பர் வருவார்' என்று எழுதியிருந்தேன். 'நாளை காலை வருவதாகப் பிளம்பர் சொன்னார்' என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

ஜெஸ்மின் இதை இரண்டு தரம் வாசித்து, திருத்தத்திலாவது பிழை இல்லையே என்று பார்த்துவிட்டுக் கொப்பியை மூடினாள். மாலை வகுப்பு டீச்சர் தினமும் ஏதாவது எழுதச் சொன்ன நாளிலிருந்து அவளை இந்தப் பிழை பார்க்கிற வியாதி பிடித்திருந்தது.

அன்று முழுக்க பிளம்பர் அஸீம் கிண்ணியாப் பாலத்தில்தான் நின்றார். காலையில் போனில் கேட்டபோதும் பாலத்தில். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு கேட்டபோதும் பாலத்தில். இலங்கையிலேயே நீளமான பாலம் என்று சொல்வார்கள். அது இவ்வளவு நீளம் என்று ஜெஸ்மினுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஓர்ஸ் ஹில்லில் அவர்களுடைய வீட்டுக் குசினியிலோ, சிங்கில் ஊற்றுகிற தண்ணீர் போகிற மாதிரிப் பாவனை காட்டிவிட்டு, பிறகு மனம் மாறி நிலத்தால் மேலே வந்தது. சாதாரண நாளென்றால் வாளியால் அள்ளி ஊற்றிச் சமாளிக்கலாம். ஆனால் புதன்கிழமை பி.எச்.ஐ வருகிறார். சுகாதாரப் பரிசோதகர் குசினியைப் பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான், உப்புவெளியில் ஒரு விடுதி உம்மாவின் இடியப்பத்தை நாள்தோறும் எடுக்கும். வைக்காவிட்டால் அந்த ஓடர் வேறு ஒருவருக்குப் போகும். இத்தனை காலமும் இடியப்பப் பெட்டியோடு வீடு வீடாகப் படலை ஏறி இறங்கிய உம்மாவுக்கு, ஒரே இடத்தில் இறக்கி வைக்கிற வாய்ப்பு வந்தது இதுதான் முதல் தடவை.

செவ்வாய் காலை அஸீம் வந்தே விட்டார். ஒரு கையில் ஸ்குரூடிரைவர், மற்றக் கையில் போன். சிங்குக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, மையித்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர் போல நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"ஆர் மாமி பார்த்த வேலை இது? மனிசன் பார்க்கிற வேலையா?"

"நீங்கதான் தம்பி பார்த்த" என்றாள் உம்மா.

அஸீம் அசையவில்லை. "அப்ப வேலை சரி. நீங்க பாவிச்ச விதம்தான் பிழை."

பிறகு முற்றத்துக்கு வந்து, "மேன்ஹோல் மூடி எங்க?" என்று கேட்டார்.

உம்மா வானத்தைப் பார்த்தாள். ஜெஸ்மின் நிலத்தைப் பார்த்தாள். நிலம் முழுக்க இன்டர்லொக் கல். உம்மாவின் தம்பி ஸஜ்ஜாத் கத்தாரிலிருந்து போடுவித்தது. நடுவில் சிவப்புக் கல்லால் ஒரு நட்சத்திரம். மூடி தெரிந்தால் வடிவில்லை என்று அதையும் சேர்த்து மூடச் சொன்னவர் அவர்தான். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தினமும் வீடியோ கோல் எடுத்து, "ராத்தா, போனைக் கொஞ்சம் கீழ பிடிங்க" என்று முதலில் நட்சத்திரத்தின் சுகத்தை விசாரிப்பார். மூத்த சகோதரியின் சுகத்தை அதன் பிறகு.

வேறு வழியில்லாமல் அவருக்கே கோல் எடுத்தார்கள்.

"மூடி எனக்கு நல்ல ஞாபகம். ஜம்பு மரத்துக்குப் பக்கத்தில" என்றார் ஸஜ்ஜாத்.

"ஜம்பு மரத்தை வெட்டித்தானே மாமா கல்லுப் போட்டீங்க."

"அப்ப மரம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில. அஸீம், இடப்பக்கம் வாங்க. அந்த இடப்பக்கம் இல்ல, என்ட இடப்பக்கம்."

கத்தாரின் இடப்பக்கத்தை நம்பி, ஜெஸ்மின் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய அலவாங்குக் கம்பியால் அஸீம் மூன்று இடத்தில் கல்லைக் கிளப்பினார். முதல் இடத்தில் மணல். இரண்டாவதில் மணல். மூன்றாவதில், காணாமல் போய், முன் வீட்டாரோடு உம்மா பேச்சை நிறுத்தக் காரணமான அதே கரண்டி.

ஜெஸ்மின் குசினிப் பைப் வெளியே வருகிற இடத்திலிருந்து மதிலடிக் கழிவுநீர்க் குழிவரை ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தாள். கயிறு நட்சத்திரத்தின் நடுவால் போனது. தன்னில் நம்பிக்கை வராமல் அவிழ்த்துத் திரும்பவும் பிடித்தாள். திரும்பவும் நட்சத்திரம்.

"மாமா, இதுக்குக் கீழதான் போல..."

"நட்சத்திரத்தில கை வைக்க ஏலாது!" போன் அதிர்ந்தது. "அதைப் போட்ட மேசன் பாஸ் இப்ப ஊரிலேயே இல்ல. திருப்பிப் போட ஆர் இருக்கிற?"

"நாளைக்கு பி.எச்.ஐ வாறாரே, ஸஜ்ஜாத்" என்றாள் உம்மா.

"வேற நாளைக்கு வரச் சொல்லுங்க, ராத்தா. முற்றம் இருந்தாத்தானே வீட்டுக்கு மதிப்பு. இடியப்பம் எங்கயும் அவிக்கலாம்."

இதுவரை தம்பியின் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத உம்மா, போனை முகத்துக்குக் கிட்ட எடுத்தாள்.

"கவரேஜ் இல்ல போல கிடக்கு."

"எனக்கு நல்லாக் கேக்குது, ராத்தா."

"எனக்குக் கேக்கல்ல" என்று சொல்லிக் கோலை வெட்டி, குசினிக்குள் போய், போனை அரிசி மா டின்னுக்குள் வைத்து மூடினாள். திரும்பி வந்து, "கிளப்புங்க தம்பி" என்றாள்.

மூடி அங்கேதான் இருந்தது. திறந்தபோது எழும்பிய வாசம் துறைமுகத்துக் கப்பல்களையே திரும்பிப் போகச் செய்திருக்கும். உள்ளே, இத்தனை காலமும் கழுவி ஊற்றிய இடியப்ப மாவெல்லாம் ஒன்று திரண்டு, ஒரு தலையணை அளவில் வெள்ளையாகப் படுத்திருந்தது. அஸீம் அதைக் குத்திக் கலைத்தார். குசினியில் உம்மா ஒரு வாளி தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் போனது. இன்னொரு வாளி ஊற்றினாள். அதுவும் போய், திரும்பி வரவில்லை. உம்மா மூன்றாவது வாளியை எந்தத் தேவையும் இல்லாமல் ஊற்றினாள்.

"வந்த உடனேயே எனக்குத் தெரியும்" என்றார் அஸீம்.

திருப்பிக் கல் அடுக்கும்போதுதான் கஷ்டம் தெரிந்தது. பி.எச்.ஐ பார்க்கக் கேட்பார் என்று மூடியை வெளியே விட்டு, சுற்றிவர அடுக்கியதில் நட்சத்திரம் நண்டாகிவிட்டது. ஒரு கால் சுவர்ப்பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தது.

"அஸீம் நானா, இது கோணலாக இருக்கே?"

"இப்ப இதுதான் பெஷன், தங்கச்சி." மிஞ்சிய சிவப்புக் கல் ஒன்றை அவள் கையில் தந்தார். "கதவு சாத்தாம அண்டக் கொடுங்க."

அஸரிலிருந்து மா டின் விட்டு விட்டு நடுங்கியது. மஃரிப் தொழுகை முடிந்த பிறகு உம்மா போனை எடுத்து மாவைத் துடைத்தாள்.

"நட்சத்திரம் எப்படி, ராத்தா?"

"இருட்டிட்டு, தம்பி. நாளைக்குக் காட்டுறன்."

ஜெஸ்மின் கொப்பியைத் திறந்தாள். பிளம்பர் வந்தார் என்று எழுதினாள். அதில் சந்தேகம் இல்லை. தண்ணீர் போகிறது என்று எழுதிவிட்டு, எழுந்து போய் ஒரு கோப்பை ஊற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு கீழே எழுதினாள்:

நாளைய வேலை: காலையில் பி.எச்.ஐக்கு மூடியைக் காட்டுவது. அவர் கையெழுத்து வைத்துப் போனதும் அதே இடத்தில் பாயை விரித்து, ஏற்கெனவே காய்ந்த செத்தல் மிளகாயைக் காய வைப்பது. அதற்குப் பிறகுதான் மாமாவின் கோலை எடுப்பது. ஒழுங்கு மாறக் கூடாது.