வெள்ளை மண் பூசிய வீடு

1

இந்தக் கதை எனக்கு ஒரு சண்டையில் கிடைத்தது. மறைப்பானேன், மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தேன். துருக்கியின் இந்த அனத்தோலியக் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் பக்கத்து வீட்டு நஸ்மியேவின் சண்டை எதையும் நான் தவறவிட்டதில்லை.

எங்கே தொடங்குவது என்பதில்தான் முட்டிக்கொண்டேன். முதல் முயற்சி: "நஸ்மியே பிறந்த அன்று அவள் தொட்டிலில் சலித்த வெள்ளை மண்ணைத் தூவினார்கள், பூவைத் தூவுவது போல..." போதும். அடித்துவிட்டேன். விஷத்தை அழகாக எழுத வருகிறது, அதுதான் பயம்.

இரண்டாவது: "அங்காராவில் மருத்துவர் அவள் விலாவில் ஊசி செருகி நீரை இறக்கினார்." இதுவும் தொடக்கம்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு ஆயுசு கிடக்கிறது. அதை நான் எங்கே போய்த் தேடுவேன்?

2

(கொஞ்சம் உடம்பைப் பற்றி. தாண்டிப் போகாதீர்கள், கதை அங்கேதான் நடக்கிறது.)

நுரையீரலைச் சுற்றி இரண்டு படலங்கள். ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றது விலாவின் உட்புறத்தில். நடுவில் துளி ஈரம். மூச்சு விடும்போதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். சுவருக்குப் பூசும் எங்கள் வெள்ளை மண்ணில் கல்நார் இழை, ஆஸ்பெஸ்டாஸ், இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஊசி. மூச்சோடு உள்ளே போய் அந்தப் படலம்வரை எட்டிவிடுகிறது. அந்நியத்தை விழுங்கும் செல்கள் ஓடி வருகின்றன. இழையோ அவற்றைவிட நீளம். முள் சிக்கிய தொண்டை மாதிரி, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சாகின்றன. புண், ஆறல், மறுபடி புண். பல பத்தாண்டுகள் சத்தமே இருக்காது. பிறகு படலத்தின் செல்கள் தறிகெட்டுப் பெருகும், நடுவில் நீர் கோக்கும், படலம் தடித்து நுரையீரலை நெரிக்கும்.

மருத்துவர் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் நஸ்மியே கேட்டது ஒன்றுதான். "இவ வயித்துல இருக்கிற புள்ளைக்கு?" துணைக்கு வந்திருந்த மருமகள் குலிசாருக்கு நிறைமாதம்.

"புதுசாப் பூசாதீங்க, பழசைச் சுரண்டாதீங்க," என்றார் மருத்துவர். "முடிஞ்சா வேற இடத்துல பெத்துக்கட்டும்."

3

நோயாளி திரும்பி வரும் வீட்டை வெள்ளையடித்து வைப்பது எங்கள் தெருப் பெண்களின் வழக்கம். அன்பு இங்கே மண் வாளியோடுதான் வரும்.

வேனிலிருந்து இறங்கினால் வீடு பளீரென்று நிற்கிறது. வாசலில் நாத்தனார் ஜென்னெத், முழங்கைவரை வெள்ளை. பின்னால் தெருவே நிற்கிறது.

"வந்த நோய் கடந்து போகட்டும்டி தாயீ! உள்ள வா. மூணு பூச்சு. கண்ணு கூசுது பாரு!" சொல்லிவிட்டு இருமினாள் ஜென்னெத்.

"குலிசார், நில்லு. உள்ள காலை வைக்காத," என்றாள் நஸ்மியே.

"ஏண்டி, உள்ள பேயா இருக்கு?"

"ஆமா மதினி. நீங்கதான் பூசி வச்சிருக்கீங்க." மருத்துவர் சொன்னதை நஸ்மியே மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

"எங்கம்மா பூசலியா? உன் மாமியார்டி அவ! இந்த மண்ணாலயா செத்தா?"

"வேற எதால செத்தாங்க? நீங்களே சொல்லுங்க."

"குளிர் புடிச்சு... நெஞ்சுல தண்ணி கோத்து..." ஜென்னெத் நிறுத்திக்கொண்டாள். பிறகு பொங்கினாள். "கை கடுக்கப் பூசினேன்டி உனக்காக!"

"தெரியும் மதினி. அதான் வயிறு எரியுது."

நஸ்மியே கதவைப் பூட்டினாள். கம்பளம், பாத்திரம், பேரப்பிள்ளைக்குப் பின்னி வைத்த சட்டை, எல்லாம் உள்ளே. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வயக்காட்டு உருளைக்கிழங்குக் கிடங்குல பொறக்கட்டும் என் பேரப்புள்ள. அங்க வெறும் சிமெண்டுதான்."

"ஊரே சிரிக்கும்!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்கும் மூச்சு வேணும்."

(இந்த வரி என் கைவண்ணமில்லை. அவளே சொன்னது.)

4

முடிவு ஒன்று: "பனி உருகும் முன்பே நஸ்மியே..." இதை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போய் அவளிடமே வாசித்துக் காட்டினேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை என் பக்கம் நீட்டினாள்.

"என்னை அனுப்ப நீ யாருடி? சாவேன்னு எனக்குத் தெரியாதா? அத எழுதி நீ பேர் வாங்காத. முதல்ல நீ எங்க உக்காந்து எழுதுற, அதப் பாரு!"

முடிவு இரண்டு: ஜென்னெத் அழுது காலில் விழுகிறாள். ஜென்னெத்தைத் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். சண்டை நடந்த அன்று பொழுது சாய்ந்ததும் ஜென்னெத் கிடங்குக்கு வந்தாள். தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கை சிவந்திருந்தது. கக்கத்தில் சுருட்டிய மெத்தை. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"உன் வீட்டைப் பூட்டிட்ட. பெரிய ஆளுதான். என் வீட்டுச் சுவரும் அதே வெள்ளைதான்டி," என்றாள். இருமல் அடங்கக் காத்திருந்தாள். "நான் எங்க போய்ப் படுக்க?"

கிழங்கு மூட்டைகள் போகக் கிடங்கில் இரண்டு பேர் நீட்டிப் படுக்கத்தான் இடம். தெருவில் வெள்ளையடிக்காத வீடு ஒன்றுகூட இல்லை.

நஸ்மியே என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்காதீர்கள், எழுதமாட்டேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மூட்டை கட்டும் வேலை கிடக்கிறது. நான் இதை எழுதும் மேசைக்குப் பின்னால் இருக்கும் சுவரும் வெள்ளைதான்.